பயம் தெளிந்தவள்

நடந்ததை ஐந்து முறை சொன்னால் போதும் என்றுதான் டாக்டர் ஹெப்சிபா முதலில் சொல்லியிருந்தார். வடிவுக்கு ஒன்பது முறை ஆனது.

முதல் மூன்று முறையும் அவளால் வீட்டின் பின்வாசல் வரைக்கும்தான் வர முடிந்தது. பின்வாசலைத் தாண்டினால் சிமெண்டுத் தொட்டி. அந்தச் சொல் நாக்குக்கு வந்ததும் மூச்சு அடைத்துக்கொள்ளும். மூளையின் அசைவைத் திரையில் காட்டுகிற வலைத்தொப்பியை டாக்டர் அவள் தலையிலிருந்து கழற்றிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். நான்காம் முறை தொட்டி வரைக்கும் வந்தாள். ஐந்தாம் முறை தண்ணீருக்குள் போனாள்.

வடிவு சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறி ஊர்க்காரி. முப்பத்தொரு வயது. அவள் கணவன் பூல்பாண்டி ஆட்டோக்களின் பேட்டரி சரிசெய்கிறவன். குடிக்கமாட்டான், தெருவில் நின்று சத்தம் போடமாட்டான். அவனைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு சொல் கிடையாது. குழம்பில் உப்புக் கூடினாலோ, போனை எடுக்க நேரமானாலோ அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு நடத்திப் போவான். தலையைத் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாக எண்ணுவான். பிறகு துண்டை எடுத்து நீட்டி, துவட்டிக்கோ, சளி பிடிச்சுரும் என்பான். ஒன்பது வருடம். கடைசி இரண்டு வருடங்களில் மகள் ஆவுடை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது, பிறகு ஆறு.

ஒரு நாள் அவன் கோவில்பட்டிக்குச் சரக்கு எடுக்கப் போன நேரத்தில் வடிவு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெண்களுக்கான உதவி எண்ணில் பேசிய யாரோ ஒருத்தி மேற்கு மலையில் இருந்த தணிவகம் என்கிற சிகிச்சை இல்லத்துக்கு வழி சொன்னாள். கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களா அது. அழுதுகொண்டு மலை ஏறுகிற பெண்கள் இரண்டு மாதத்தில் சிரித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்த அடிவாரத்து ஊர்க்காரர்கள், அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று நம்பினார்கள். சிலர் குடம் எடுத்துக்கொண்டு மேலே வந்து கேட்டும் பார்த்தார்கள்.

தண்ணீரில் ஒன்றும் இல்லை. மருந்து டாக்டர் ஹெப்சிபாவின் அலமாரியில் இருந்தது. கசப்பான, பழுப்பு நிற மருந்து.

"நடந்ததெல்லாம் மறந்து போயிருமா டாக்டரம்மா?" என்று வடிவு முதல் நாளே கேட்டாள்.

"மறக்காது. ஒரு நினைவை நீ எடுத்துச் சொல்லும்போது மூளை அதைப் பிரிச்சுப் போடுது. சொல்லி முடிச்சதும் திரும்பக் கட்டி வைக்குது. கட்டுறதுக்கு முன்னால இந்த மருந்து உள்ள போயிட்டா, அதுல இருக்கிற நடுக்கம் மட்டும் சேராம நின்னுரும். நடந்தது அப்படியே இருக்கும். உடம்பு ஆடாது."

"வேற யாருக்கோ நடந்த மாதிரியா?"

"அப்படித்தான்," என்றார் டாக்டர். "அந்த ஆளைப் பத்தின எதுக்குமே ஆடாது."

ஒன்பதாம் முறை வடிவு தொட்டியையும் தண்ணீரையும் எண்ணிக்கையையும் துண்டையும் பஸ் போகிற வழியைச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள். திரையில் அதுவரை சிவந்து தெரிந்த புள்ளி சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. அன்று மாலையே மற்றப் பெண்களோடு ஓடைக்குப் போனாள். பாறையிலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்கு விழுகிற இடத்தில் தலையைக் கொடுத்து நின்றாள். பல வருடங்களாகக் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாதவள் அவள். வாய் நிறையத் தண்ணீரோடு சிரித்தாள். சமையல் பார்க்கிற ரோசம்மாள் கரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு வடிவு வேறொருத்தி. தணிவகத்து வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மூன்றே வாரத்தில் மூடுபனியிலும் இறக்கினாள், ஏற்றினாள். கீழே இறங்கி அரிசி, மருந்து, புதிதாக வருகிற பெண்கள் எல்லாரையும் அவளே கொண்டுவந்தாள். சாவி திரும்பும் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தவளின் விரலில் இப்போது சாவிக்கொத்து சுழன்றது. டாக்டர் அவளுக்குச் சிகிச்சை முடிந்ததற்கான சான்றிதழ் கொடுத்து, அவள் படத்தை எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டினார். நாற்பத்திரண்டாவது படம்.

ஆவுடைக்கு மருந்து கொடுக்கவில்லை. தாய் நிமிர்ந்தால் பிள்ளை தானாக நிமிரும் என்பது டாக்டரின் எண்ணம். ஆவுடை நிமிரவில்லை. அம்மாவின் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டேதான் நடந்தாள், சாப்பிட்டாள், கொஞ்சமாகத் தூங்கினாள்.

பூல்பாண்டி மனைவியையோ மகளையோ நெருங்கக் கூடாது என்று கோர்ட்டு தற்காலிகத் தடை போட்டிருந்தது. அதை நீக்கச் சொல்லி அவன் மனுப் போட்டான். இலவச சட்ட உதவியில் வடிவுக்காக வந்த வக்கீல் கதீஜா என்கிற இளம்பெண். விசாரணைக்கு முந்தின நாள் மலைக்கே வந்து அவளோடு உட்கார்ந்து பேசினாள்.

"அவரைப் பாத்தா பயமா இருக்கான்னு கேப்பாங்க. இருக்குன்னு சொல்லுங்கக்கா. சட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேணும்."

வடிவு முடியாது என்றாள். பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பது அவளுக்குப் பெரிதில்லை. ஒன்பது வருடமாக அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவள் வைத்திருந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். இப்போது அது அவளிடம் இருந்தது. அதை விழுங்கிவிட்டு வருவதற்கா தான் திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் போய்வந்தது என்று கேட்டாள். கதீஜா வெகுநேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் வடிவு எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் சொன்னாள். எத்தனை முறை, எந்த மாதம், எத்தனை எண்ணிக்கை வரை. பூல்பாண்டியின் வக்கீல் மரியாதைக்காரர். தணிவகத்திலிருந்து கேட்டு வாங்கியிருந்த சான்றிதழை நீதிபதியிடம் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இப்ப இவரைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்காம்மா?"

வடிவு திரும்பிப் பூல்பாண்டியை நேராகப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "ஒரு பொட்டு கூட இல்ல."

அந்தக் கணத்தில் அவளுக்கு இருந்த நிறைவு பொய்யில்லை. பூல்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையை எடுக்கும்போது விரல்கள் தடுமாறின. அந்த அறையிலேயே நடுங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவன்தான். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

நீதிபதியும் ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பயமே இல்லையென்றால் தடை எதற்கு என்று வடிவிடம் தானே கேட்டார். தனக்குப் பயம் இல்லை என்பதால் அவன் செய்யமாட்டான் என்று அர்த்தமில்லை என்று வடிவு பதில் சொன்னாள். சரியான பதில்தான். ஆனால் அவள் குரலில் அது யாரோ எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்துவந்த வாக்கியம்போல ஒலித்தது. தடை நீங்கியது. ஞாயிறுதோறும் காலை பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை குழந்தை அப்பாவோடு இருக்கலாம் என்று தீர்ப்பானது.

முதல் ஞாயிறு, வேன் இறங்கும்போது ஏழாவது வளைவில் ஆவுடை வாந்தி எடுத்தாள். கீழே அவன் பலூனோடு நின்றான். முந்தானையைச் சுற்றியிருந்த மகளின் விரல்களை வடிவு ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். "பயப்படாதட்டி. ஒண்ணும் செய்யமாட்டாவ," என்றாள். ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சில்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

ஐந்து மணிக்குக் குழந்தை சிவப்பு ரிப்பனோடு திரும்பி வந்தது.

இரண்டாம் ஞாயிறு திரும்பி வரும்போது ஆவுடையின் தலை ஈரமாக இருந்தது. சித்திரை மாதம். மழையின் சுவடே இல்லை. வெயில் கூடுதலாக இருந்ததால் குளிப்பாட்டினேன் என்றான் பூல்பாண்டி. வடிவு சரி என்றாள். துண்டை எடுத்து மகளின் தலையைத் துவட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஏறுகிற வழியெல்லாம் பிரேக் கட்டையை மாற்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் ஞாயிறும் தலை ஈரம். தாடையில் தோல் வழன்றிருந்தது. பாதி மலையில் வண்டியை ஓரம்கட்டி வடிவு காயத்துக்கு மருந்து தடவினாள்.

"முப்பது வரைக்கும் எண்ணுனாவ எம்மா," என்றாள் ஆவுடை. "அம்மா பயப்பட மாட்டாள்லா, நீ எப்படின்னு பாப்போம்னு சொன்னாவ."

வடிவு வண்டியின் படியில் அப்படியே உட்கார்ந்தாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். நெஞ்சு அடிக்க வேண்டும், கை உதற வேண்டும், வாய் உலர வேண்டும். அதெல்லாம் எப்படி வரும் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒன்றும் வரவில்லை. போன ஞாயிறு அந்த ஈரத்தலையை அவள் கையால் தொட்டாள். பழைய உடம்பாக இருந்திருந்தால் தொடுவதற்கு முன்பே, பார்த்த மாத்திரத்தில், அலறியிருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். இந்த உடம்பு துவட்டிவிட்டது. துக்கம் வந்தது அவளுக்கு. மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ஆனால் துக்கம் நடந்து முடிந்ததற்கு வருவது. அடுத்த ஞாயிற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

கதீஜா மறுபடி மனுப் போட்டாள். ஆவுடையை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. தாடைக் காயம் வழுக்கி விழுந்ததால் என்று அவன் தரப்பு சொன்னது. தாய் தன் பழைய பயத்தைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள், தாய்க்கு எங்கே குணமானதோ அங்கேயே பிள்ளைக்கும் குணமாகட்டும் என்றார் அந்த மரியாதைக்கார வக்கீல். இப்படி ஒரு பயத்தோடு ஒரு குழந்தை வளர்வது கொடுமை என்று நீதிபதிக்கும் பட்டது. ஒரு மாதத்துக்குள் தணிவகம் ஆவுடைக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும். அதுவரை சந்திப்பு வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு குழந்தையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தீர்ப்பு நகலோடு வடிவு டாக்டரின் அறைக்குப் போனாள். ஹெப்சிபா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பயத்தைத் திருப்பித் தர முடியுமா என்று வடிவு கேட்டாள்.

"நான் எதையும் எடுத்து வைக்கலியே வடிவு. கட்டாம விட்டேன், அவ்வளவுதான். வேணும்னா புதுசாத்தான் வரணும். முதல்ல எப்படி வந்ததோ, அப்படி."

திறந்த கதவு வழியாகக் கூடத்துப் படங்கள் தெரிந்தன. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நாளும் அந்தப் படங்களைத் தாண்டித்தான் வடிவு போய்வந்தாள். கேட்கத் தோன்றியதில்லை. இப்போது கேட்டாள்.

"இவங்கள்லாம் இப்ப எங்க இருக்காவ டாக்டரம்மா?"

"பத்துப் பதினஞ்சு பேர் வேலையில இருக்காங்க. நல்லா இருக்காங்க. சிலர்கிட்டேயிருந்து தகவல் இல்ல. பதினெட்டுப் பேர் வீட்டுக்கே திரும்பிப் போயிட்டாங்க. யாரும் கட்டாயப்படுத்தல. பயம் இல்ல, போனாங்க." டாக்டர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "அதுல நாலு பேர் உயிரோட இல்ல."

மருந்தின் அளவைச் சொல்கிற அதே குரல்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

மறைக்கிற எண்ணம் அவர் முகத்தில் இல்லை.

"சொல்லணும்னு அறிவுக்குத் தெரிஞ்சுது. ஆனா ஒரு விஷயம் அவசரம்னு உடம்புதான் வடிவு சொல்லணும். எனக்கு அது சொல்றதில்ல. இந்த மருந்தை முதல்ல குடிச்சவ நான்தான். பன்னிரண்டு வருஷம் ஆச்சு."

வடிவு அவரைப் பார்த்தாள். தன்னை மனுஷியாக்கிய அந்த முகத்தின் மேல் அவளுக்கு வெறுப்பு வரவில்லை. ஆவுடைக்கும் மருந்து கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

"கோர்ட்டு சொல்லியிருக்கு. குழந்தை தூங்கி எவ்வளவு நாளாச்சு, பாரு. அது பாவம் இல்லையா?"

"குடுத்தா திரும்ப அங்க போவா."

"போவா," என்றார் டாக்டர். "அழாம போவா."

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல அரிசி எடுக்கப் போகிறவளாக வடிவு வேனை இறக்கினாள். சாக்குகளுக்கு நடுவே ஆவுடை உட்கார்ந்திருந்தாள். அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திச் சாவியை அதிலேயே விட்டுவிட்டு இருவரும் மலைக்கு அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். கோர்ட்டின் கணக்கில் அவள் இப்போது பிள்ளையைக் கடத்தியவள். கதீஜாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

கொல்லத்துப் பக்கம் ஒரு முந்திரித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் அங்கே கொட்டை உடைத்தார்கள். எவரும் எதுவும் கேட்கவில்லை. பூல்பாண்டி தேடி வருவான் என்று வடிவுக்குத் தெரியும். எது அவன் வந்ததற்கான அறிகுறி, எது இல்லை என்றுதான் தெரியாது. திரும்பிப் பார்க்கத் தோன்றாது. கதவைத் தாழிட மறந்துபோகும். தெருவில் ஒருவன் இரண்டு தரம் நடந்தால் இரண்டு தரம் நடக்கிறான் என்று மட்டும் தோன்றும். அதனால் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தன்னிடம் இல்லாதது மகளிடம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதுபோல அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

பள்ளி விட்டு வந்ததும் முதல் கேள்வி அதுதான். "இன்னிக்கு யாரையும் பாத்தியாட்டி?"

ஆவுடை சொல்வாள். அவள் கை இறுகினால் அன்றைக்கே வீடு மாற்றிவிடுவார்கள். முதல் தடவை அப்பாவின் நடையைப் போல நடந்த யாரோ ஒருவர். இரண்டாம் தடவை ஒரு பச்சை ஆட்டோ. இரண்டுமே வீண். மூன்றாம் தடவை, அவர்கள் காலிசெய்து போன இரண்டாம் நாள், ஒருவன் கையில் படத்தோடு அந்த வீட்டு வாசலில் வந்து விசாரித்தான் என்று பழைய வீட்டுக்காரி சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு வடிவுக்கு மகளின் பயத்தின் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆவுடைக்கு எட்டு வயதானது. உடம்பு ஏறவில்லை. நகத்தை ரத்தம் வரும்வரை கடித்தாள். பாயை நனைத்தாள். நான்காவது வீட்டில் பக்கத்தில் குடியிருந்த நர்ஸ் ஷைலஜா அதைப் பார்த்துவிட்டு வடிவைக் கூப்பிட்டுப் பேசினாள். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பயத்தைத் தணிக்கிற அந்த மருந்து வந்துவிட்டது, குழந்தைகளுக்கு ஐந்தே நாள், நானே கூட்டிப் போகிறேன் என்றாள். வடிவு வேண்டாம் என்றாள். ஷைலஜா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே இருந்து ஆவுடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அந்த மருந்த எனக்கும் வாங்கித் தா."

"வேண்டாம்."

"எனக்கு வயிறு வலிக்கி. எப்பவும் வலிக்கி. தூங்கணும் போல இருக்கு."

"நீயும் குடிச்சிட்டா நமக்கு யாரு சொல்லுவா?"

"நீ மட்டும் குடிச்சல்லா," என்றாள் ஆவுடை.

வடிவு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைப்புக்குள்ளும் அந்தச் சின்ன உடம்பு விறைத்தே இருந்தது. அந்த விறைப்பு அப்படியே இருக்கட்டும் என்றுதான் வடிவு நினைத்தாள். அப்படி நினைக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வீட்டில் ஐந்து மாதம் இருந்தார்கள். எங்குமே அவ்வளவு நாள் இருந்ததில்லை. ஆவுடைக்குப் பள்ளியில் ரஸியா என்று ஒரு சிநேகிதி கிடைத்தாள். வெள்ளிக்கிழமை நடக்கிற ஆண்டுவிழாவில் இருவரும் சேர்ந்து பாட வேண்டும். ரஸியாவின் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வரும்போது, மீன்கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்து நிழலில் பூல்பாண்டி நின்றிருந்தான். பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். ஆவுடையை அவன் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

வீட்டு வாசல் வரைக்கும் ஓடிவந்தவள் அங்கே நின்றாள். மூச்சு அடங்கும் வரை நின்றாள். கடித்த நகங்களைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு யாரையும் பாத்தியாட்டி?"

"இல்லம்மா," என்றாள் ஆவுடை. சிரித்தாள். "யாரையும் பாக்கல. இப்பல்லாம் எனக்குப் பயமே இல்ல."

வடிவு கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.